எந்தப் பாய்?

படகுக்குத் தண்ணியைக் கண்டா பயம் இல்லைன்னு உலகத்துல ரொம்பப் பேர் நம்பிக்கிட்டு இருக்காங்க, செவ்வந்தி. படிச்சவங்க கூட நம்பறாங்க. இது மகா தப்பு. மழை லீவு விட்ட இந்த மத்தியானத்துல, போர்வைக்குள்ள படுத்தபடியே நாம ரெண்டு பேரும் இந்தத் தப்பைத் திருத்திடணும். நம்மளை விட்டா வேற யாரும் திருத்தற மாதிரி தெரியலை.

கீழே இருக்கற தண்ணி படகுக்குச் சொந்தக்காரன். மேலேர்ந்து வர்ற தண்ணி தான் விரோதி. கடல் தண்ணியில உப்பு இருக்கு. ஊறுகாய் ஜாடியில உப்புப் போட்ட மாங்காய் கெடுதா? கெடாது. மரமும் அப்படித்தான். ஆனா மழைத் தண்ணி உள்ளே தேங்கிச்சுன்னு வெச்சுக்கோ, நல்ல மரம் கூட உளுத்து, விரலால குத்தினா உள்ளே போற மாதிரி ஆயிடும். புரிஞ்சுதா? "ம்" சொல்லு. நீ "ம்" சொன்னா தான் கதை நகரும்.

ஆங்.

ஒரு ஊர்ல ஒரு வள்ளம். வள்ளம்னா பாய் கட்டி ஓட்டற சின்னப் படகு. ராஜா எங்கேன்னு கேக்காதே, அந்த ஊர்ல ராஜாவுக்கு வேலை இல்லை. ஊர் பேரு சேந்தன்கரை. வள்ளத்துக்குப் பேரு ஆரோக்கிய மாதா, ரெண்டு பக்கமும் பச்சைப் பெயின்ட்டுல எழுதியிருக்கும். நீளம் இருபத்தோரு அடி. சொந்தக்காரர் இன்னாசி அண்ணன். ஆனா அவர் ஊர்ல இல்லை, சரக்குக் கப்பல்ல வேலைக்குப் போயிட்டார். வள்ளம் கரையில. அவர் சம்சாரம் அமலோற்பவம் அக்காவும் கரையில.

அப்போ ஒருநாள் இன்னாசி அண்ணன் கிட்டேர்ந்து கடுதாசி வந்துது. மாசி மாசம் வர்றேன், வந்ததும் வள்ளத்தைத் தட்டிப் பாப்பேன், மரம் நல்லா இருந்தா இங்கயே இருந்து மீன் பிடிக்கிறேன், உளுத்திருந்தா இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கப்பல்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன்னு எழுதியிருந்தார். அக்கா அந்தக் கடுதாசியை ஏழு தடவை படிச்சா. அப்புறம் கரைக்குப் போய் வள்ளத்தை விரல் முட்டியால தட்டிப் பாத்தா. டங். இன்னொரு இடத்துல தட்டினா. டங். நல்ல மரம் அப்படித்தான் பேசும். உளுத்த மரம் டொக்னு சொல்லும்.

அவளுக்கு அந்த டங் போதும். அந்த டங் மாசி வரைக்கும் இருந்தா புருஷன் வீட்டுல இருப்பார். அவ்வளவு தான் கதையே.

என்ன? கவுத்துப் போட்டுடலாமேங்கறியா? நல்ல கேள்வி. வள்ளத்தைக் கவுக்கப் பன்னெண்டு ஆம்பளை வேணும். ஊர்ல அப்போ பதினோரு பேர் தான் நிமிர்ந்து நிக்கற நிலைமையில இருந்தாங்க. அதனால மூடித்தான் ஆகணும்.

அப்புறம் ஐப்பசி பொறந்துது. மேகம் கூடிக் கறுத்துது. சரியா அந்த நேரம் பாத்து இன்னாசி அண்ணன் கிட்டேர்ந்து ஒரு தந்தி. தந்தின்னா என்னன்னு உனக்குத் தெரியாது. சேதியை வேகமா அனுப்பற வழி. ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு, அதனால எல்லாரும் வார்த்தையைச் சுருக்கிச் சுருக்கி முள்ளு மட்டும் மிச்சம் இருக்கற மீன் மாதிரி அனுப்புவாங்க. தமிழ் வார்த்தையையும் இங்கிலீஷ் எழுத்துல தான் அனுப்பணும். பெரிய ஊர் ஆபீஸ்லேர்ந்து போன்ல எழுத்து எழுத்தாப் படிப்பாங்க, சேந்தன்கரை போஸ்ட்மாஸ்டர் காதுல வாங்கி எழுதிக்குவார்.

அந்த போஸ்ட்மாஸ்டர் யாரு? என் அப்பா தான். உனக்கு அவரைத் தெரியாது, பேரு திரிகூடம். தென்காசிப் பக்கத்து ஆளு. மலையும் அருவியும் பாத்து வளர்ந்தவர். கடலை முதல் தடவை பாத்தப்போ அவருக்கு வயசு முப்பத்தெட்டு. ஆனா இலக்கணம்னா உசிரு. மேஜை மேல ஒரு பக்கம் முத்திரை குத்தற சுத்தி, இன்னொரு பக்கம் அகராதி. ரெண்டையும் ஒரே மாதிரி உபயோகப்படுத்துவார்.

தந்தியில மூணே வார்த்தை. "பாய் போட்டு மூடு."

அக்கா கேட்டதும், பாய்னா வள்ளத்துப் பாய் சார், பரண்ல மடிச்சு வெச்சிருக்கேன், அதைத் தான் சொல்றார்னா. கடல்காரி, அவளுக்குத் தெரியாதா? ஆனா அப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அவர் கண்ணாடியைத் துடைச்சா யாருக்கோ கஷ்டகாலம்னு அர்த்தம். வள்ளத்துப் பாயை ஏத்துவாங்கம்மா, இறக்குவாங்க, கட்டுவாங்க, போட மாட்டாங்க, தமிழ்ல போடற பாய் ஒண்ணே ஒண்ணு தான், படுக்கற பாய், வினைச்சொல்லைக் கவனிக்கணும்னார். 

அக்கா கவனிச்சா. பாவம், இன்னாசி அண்ணன் அந்த வள்ளத்துப் பாயை யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருந்தார். படிச்ச மனுஷர் வேற இப்படிச் சொல்றார். கப்பலோ தந்தி குடுத்த துறைமுகத்தை விட்டுக் கிளம்பி நடுக்கடல்ல, திருப்பிக் கேக்கவும் வழியில்லை. ம்?

சரி. அப்புறம் அக்கா வீட்டுல இருந்த ரெண்டு கோரைப்பாய், அக்கம்பக்கத்துல கேட்டு வாங்கின மூணு கோரைப்பாய், ஆக அஞ்சு பாயை வள்ளத்து மேல போட்டுக் கயிறு கட்டினா. தூரத்துலேர்ந்து பாத்தா வள்ளம் காய்ச்சல்ல படுத்திருக்கற மாதிரி இருந்துது. ராத்திரி மழை. சட சட சடன்னு. கோரை முதல்ல கொஞ்சம் தாங்கிச்சு, அப்புறம் குடிச்சுது, அப்புறம் குடிச்சதை எல்லாம் அப்படியே உள்ளே விட்டுது. சொட்டு, சொட்டு, சொட்டு. விடியக்காலையில ஒரு ஆடு வந்து மூணாவது பாயோட ஓரத்தைத் தின்னுக்கிட்டு நின்னுது. உள்ளே முழங்கால் அளவு தண்ணி. அக்கா சட்டியை எடுத்து மொண்டு ஊத்தினா, சளக், சளக், இடுப்பு ஒடியற வரைக்கும். வெயில் வந்ததும் தட்டிப் பாத்தா.

டங். நல்லவேளை.

நேரா போஸ்ட் ஆபீசுக்கு வந்தா. ஒண்ணும் திட்டலை. நனைஞ்ச பாயை மட்டும் வாசல்ல காயப் போட்டுட்டு உக்காந்துட்டா. அஞ்சு பாய்க்கும் ஆபீஸ் வாசல் தான் சரியான இடம்னு அவளுக்குத் தோணியிருக்கணும்.

அப்பா தந்தியை மறுபடி எடுத்தார். கண்ணாடியைத் துடைச்சார். சிரிக்காதே. "பாய் போட்டு", இதுல ஐ உருபு எங்கே? பாயைன்னு இல்லையே, வெறும் பாய்னு தானே இருக்கு? உருபு இல்லைன்னா அது செயப்படுபொருள் இல்லை, எழுவாய். அதாவது பாய் தான் போடணும், பாயே வந்து மூடணும். நம்ம ஊர்ல வந்து மூடக்கூடிய பாய் யாரு? மளிகையும் இரும்புச் சாமானும் விக்கற சிக்கந்தர் பாய். போன்ல வந்த எழுத்து பட்டுக்கோட்டை பியா, பாம்பே பியான்னு கூட எனக்குச் சரியாக் கேக்கலைம்மான்னு ஒத்துக்கிட்டார். அவர் ஒத்துக்கிட்டது அது ஒண்ணைத் தான்.

அப்போ எல்லாரும் சிக்கந்தர் பாய் கிட்ட போனாங்க. பாய் ரொம்ப நல்ல மனுஷர். எங்கேயோ தூர தேசத்துலேர்ந்து ஒருத்தர் தன்னை நினைச்சுத் தந்தி அடிச்சிருக்கார்னதும் அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இன்னாசிக்கும் எனக்கும் அவ்வளவு பழக்கம் கூட இல்லையேன்னார். உடனே கடையிலயே தடியான நீலப் பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து, அவரே கரைக்கு வந்து, அவரே இழுத்து, சுத்திலும் கல்லு வெச்சு, காத்து கூட நுழையாம கட்டிக் குடுத்தார். அப்புறம் ஒரு குடம் தண்ணியை மேல கொட்டிக் காட்டினார். சர்ருனு வழிஞ்சு போச்சு. ஒரு சொட்டு உள்ளே இறங்கலை. அப்பா அன்னிக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு தோசை அதிகமா சாப்பிட்டார்.

ஒன்பது நாள் மழை. ஒன்பது நாளும் பிளாஸ்டிக் மேல தட தட தடன்னு சத்தம், உள்ளே நிசப்தம். நடுவுல வெயிலும் அடிச்சுது. பத்தாம் நாள் காத்துல ஒரு மூலை டர்ர்ருனு கிழிஞ்சுது. சரி, திறந்து பாத்துடலாம்னு அக்கா ஷீட்டைத் தூக்கினா.

புஸ்ஸுனு ஒரு வாடை. நனைஞ்ச துணியை மூட்டை கட்டி மறந்து போனா வருமே, அந்த வாடை. ஷீட்டோட உள்பக்கம் பூரா முத்து முத்தா வேர்த்திருக்கு. வெளியேர்ந்து ஒரு சொட்டு வரலை, நிஜம். ஆனா மரத்துல இருந்த ஈரம் வெளியே போகவும் வழியில்லையே? உள்ளேயே எழும்பி, உள்ளேயே சொட்டி, உள்ளேயே புழுங்கி இருக்கு. பின்பக்கம் உக்கார்ற பலகைக்கு அடியில வரிசையா எட்டுக் காளான். ஆமா, குடைக் காளான். நாம பிடிச்ச குடை போதாதுன்னு வள்ளம் தானே குடை பிடிச்சுக்கிச்சு.

அக்கா குனிஞ்சு தட்டினா. டங். டங். டங். பின்பக்கம் வந்தா.

டொக்.

அங்கயே மணல்ல உக்காந்துட்டா. சிக்கந்தர் பாய் ஒரு காளானைப் பிடுங்கிக் கையில வெச்சுக்கிட்டு, கெட்ட சாமானைத் திருப்பி வாங்கின கடைக்காரர் மாதிரி நின்னார். மூடினது மழையை இல்லம்மா, அதோட மூச்சை மூடிட்டேன்னு சொல்லிட்டு ஷீட்டைச் சுருட்டினார்.

இன்னும் முழிச்சிருக்கியா? ம் சொல்லு.

சாயங்காலம் அப்பா அக்கா வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கிட்டுப் போனார், தனியாப் போகத் தைரியம் இல்லைன்னு நினைக்கிறேன். அகராதியை எடுத்துக்கிட்டுப் போகலை. கண்ணாடியையும் துடைக்கலை. வாசல்ல நின்னபடியே தந்தியை நீட்டினார்.

"அமலோற்பவம், எனக்கு இதைப் படிக்கத் தெரியலை. நீயே படி."

"முதல் நாளே படிச்சேனே சார்."

அவ்வளவு தான் பேசினாங்க. அப்பா உள்ளே வந்து பரணுக்கு ஏணியைச் சாத்திப் பிடிச்சுக்கிட்டார்.

அப்புறம் அக்கா பரண்ல ஏறினா. வேட்டியில சுத்தி வெச்சிருந்த பாயை இறக்கினா. அது பருத்திக் கித்தான், அழுத்தமா நெய்த முரட்டுத் துணி. ஆவாரம்பட்டை காய்ச்சின தண்ணியில முக்கி முக்கி எடுத்து, செங்கல் நிறமா இருக்கும். பிரிச்சதும் வீடு முழுக்க கடல் வாசனையும் இன்னாசி அண்ணன் பிடிக்கற பீடி வாசனையும். அக்கா கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னா. நாங்களும் கூரை எரவாணத்தைப் பாத்துக்கிட்டு நின்னோம்.

மூணாவது தடவை ஏமாறக் கூடாதுன்னு இந்தத் தடவை சோதனை பண்ணினாங்க. பாயோட நாலு பக்கத்தை நாலு பேர் பிடிச்சோம், நானும் ஒரு பக்கம். சிக்கந்தர் பாய் ஒரு குடம் தண்ணி ஊத்தினார். முதல்ல டப், டப்னு சொட்டுச்சு. அப்பா மூஞ்சி தொங்கிப் போச்சு. கொஞ்சம் பொறுங்க சார்னா அக்கா. நனைஞ்ச நூலு ஊதுது பாரு, ஊதி ஊதி ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கிட்டு நடுவுல இருந்த ஓட்டையை எல்லாம் அதுவே அடைச்சுக்கிச்சு. சொட்டு நின்னு போச்சு. காஞ்சா மறுபடி நூலு இளைச்சு, வழி விடும், மரம் மூச்சு விடும். மழையை நிறுத்தும், மூச்சை நிறுத்தாது. நான் ஆசையா அடியிலேர்ந்து ஒரு விரலால தொட்டேன். தொட்ட இடத்துல சர்ருனு ஒழுகிடுச்சு. அதனால பாய் வள்ளத்துப் பலகை எதையும் தொடாம நிக்கணும், நடுவுல நீளமா ஒரு மூங்கில் குடுத்து, வீட்டுக்கூரை மாதிரி ரெண்டு பக்கமும் சரிச்சு விடணும்னு தெரிஞ்சுது. அதைக் கண்டுபிடிச்சது நான் தான். வேற யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க, அதனால நானே சொல்லிக்கறேன்.

ஆனா ஒரு சங்கடம். பாய் ஒரு பக்கம் அகலம், மேலே போகப் போகக் கூம்பி இருக்கும். வள்ளம் அப்படி இல்லையே. அப்படியே போட்டா முன்பக்கம் துணி மிஞ்சுது, பின்பக்கம் டொக்னு சொன்ன பலகை வானத்தைப் பாத்துக்கிட்டு கிடக்குது. வெட்டித் தைச்சா தான் சரிவரும்.

அப்போ டெய்லர் ராயப்பனைக் கூப்பிட்டாங்க. ராயப்பன் ஜென்மத்துல பொம்பளைங்க ஜாக்கெட் தவிர வேற எதையும் தைச்சதில்லை. கழுத்துல டேப்பைப் போட்டுக்கிட்டு வந்து வள்ளத்தை ஒரு சுத்து சுத்தினார். அளவு நோட்டைப் பிரிச்சு, பேரு ஆரோக்கிய மாதான்னு எழுதிக்கிட்டார். மூக்குப் பக்கம் அளந்து கழுத்துன்னு எழுதினார். நடுவுல அளந்து சுத்தளவுன்னு எழுதினார். பாய்மரம் நிக்கற ஓட்டையைக் கைக்குழின்னு எழுதினார். அப்புறம், வழக்கமாக் கேக்கற பழக்கம் பாரு, பென்சிலைக் காதுல சொருகிக்கிட்டு, உள்ளே துணி விட்டுத் தைக்கவாம்மா, பின்னாடி குண்டானா பிரிச்சுக்கலாம்னார். சிக்கந்தர் பாய் திரும்பி நின்னு கடலைப் பாத்துச் சிரிச்சார்.

அக்கா சிரிக்கலை. கித்தானைத் தரையில விரிச்சா. ராயப்பன் கத்திரியைத் திறந்தார். திறந்தபடியே நின்னார்.

"அண்ணன் வந்து பாய் எங்கேன்னு கேட்டா?"

"பாய் இல்லாத வள்ளத்தைத் துடுப்புப் போட்டு ஓட்டிக்கலாம். வள்ளம் இல்லாத பாயை நான் என்ன, போத்திக்கிட்டுப் படுக்கவா? வெட்டுங்க."

கரக். கரக். கரக்.

எனக்கு இப்பவும் அந்தச் சத்தம் கேக்கும். கூம்பின நுனியை வெட்டிப் பின்பக்கம் ஒட்டுப் போட்டார். மெஷின் ஊசி மூணு ஒடிஞ்சுது, அப்புறம் கோணி ஊசியால கையாலயே தைச்சார். பின்னாடி திறக்க வழி வேணும்னு ஜாக்கெட்டுக்கு வைக்கற மாதிரியே வரிசையா கொக்கி. சின்னக் கொக்கி தாங்காதுன்னு சிக்கந்தர் பாய் கடையிலேர்ந்து பதினாறு கதவுக் கொக்கி வந்துது. மூடி போட்டு, மூங்கில் குடுத்து, கொக்கி எல்லாம் மாட்டி முடிச்சப்போ, வள்ளம் கல்யாணத்துக்குப் புறப்பட்ட பொம்பளை மாதிரி இருந்துது.

கார்த்திகை முழுக்க மழை. கித்தான் மேல தொம் தொம் தொம்னு விழும், வழிஞ்சு மணல்ல இறங்கும். மழை விட்ட நாள்ல அக்கா ஒரு கொக்கியைக் கழட்டிக் கையை உள்ளே விட்டுப் பாப்பா. காஞ்சு இருக்கும். அப்புறம் மார்கழி, அப்புறம் தை. நாங்க பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆளுக்கொரு தடவை வள்ளத்தைத் தட்டிட்டு தான் வீட்டுக்குப் போவோம். ஊரே தட்டிச்சு. போஸ்ட் ஆபீஸ் பூட்டிட்டு வரும்போது அப்பாவும் தட்டுவார், யாரும் பாக்கலைன்னு நினைச்சுக்கிட்டு.

ம்? ஆங், வந்துட்டார். மாசி ரெண்டாம் தேதி இன்னாசி அண்ணன் வந்து இறங்கினார். தோள்ல பை. சட்டைப் பையில கப்பல் ஏஜென்ட் குடுத்த காகிதம், கையெழுத்து மட்டும் பாக்கி. பங்குனி பதினாலு தூத்துக்குடியிலேர்ந்து கப்பல் புறப்படுதுன்னார். வீட்டுக்குள்ள கூடப் போகலை, நேரா கரைக்கு. ஊரே பின்னாடி.

கொக்கியைக் கழட்டினார். மூடியைத் தள்ளினார். காஞ்ச மரத்து வாசனை வந்துது. தட்ட ஆரம்பிச்சார். டங். ஒரு அடி நகர்ந்தார். டங். டங். டங். பின்பக்கம் வந்தார். அக்கா முந்தானையை விரல்ல சுத்திக்கிட்டு நின்னா.

டொக்.

மறுபடி தட்டினார். டொக். சிக்கந்தர் பாய், அது என் தப்புன்னார். அப்பா, இல்லை, அது என் எழுவாய்னார். இன்னாசி அண்ணனுக்கு ஒண்ணும் புரியலை. ஒரு பலகை தானேன்னு முணுமுணுத்துட்டு, பாய் எங்கேன்னு கேட்டார்.

அக்கா மூடியைக் காட்டினா.

அவர் அதைக் கையில எடுத்தார். ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவினார். கதவுக் கொக்கியைத் தடவினார். முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

"போட்டு மூடுன்னேன். வெட்டச் சொன்னேனா?"

"நீங்க சொன்னது மூணு வார்த்தை. மீதியை எல்லாம் நான் தான் சொல்லிக்கிட்டேன்."

ஏஜென்ட் காகிதம் சட்டைப் பையில துருத்திக்கிட்டு இருந்துது. அப்போ கூட்டத்துக்குப் பின்னாலேர்ந்து டெய்லர் ராயப்பன் பிளேடோட வந்தார். பயந்துடாதே. வந்து ஓரத்துத் தையலைச் சர்ருனு பிரிச்சார். பாத்தா, வெட்டினது அந்த நுனி ஒண்ணைத் தான். மத்த இடத்துல மிஞ்சின துணியை எல்லாம் வெட்டாம உள்பக்கம் மடிச்சு மடிச்சு விட்டுத் தைச்சிருக்கார். பின்னாடி குண்டானா பிரிச்சுக்கலாம் இல்லையா, அந்தக் கணக்குல. பிரிச்சா பாய் பழையபடி அகலம். நுனியை மட்டும் திருப்பி ஒட்டணும்.

இன்னாசி அண்ணன் இருப்பேன்னும் சொல்லலை, போவேன்னும் சொல்லலை. மணல்ல உக்காந்து கோணி ஊசியைக் கேட்டார். அக்கா இன்னொரு ஊசியை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் உக்காந்தா. அவர் ஒரு முனையிலேர்ந்து, அவ ஒரு முனையிலேர்ந்து. தினமும் கொஞ்சம். கித்தான் தைக்கறது ஜாக்கெட் மாதிரி இல்லை, ஒரு சாண் தைச்சா விரல் வீங்கிடும். அதுவும் ரெண்டு பேரும் தைச்சதை விடப் பேசினது அதிகம். நடுவுல பலகையும் மாத்தியாச்சு. ரெண்டு ஊசியும் நடுவுல சந்திக்கறப்போ பங்குனி பதிமூணு ராத்திரி ஆயிடுச்சு.

அப்புறம் அந்தக் கொக்கியை யாருக்கும் எடுக்க மனசு வரலை. பாய் ஏத்தினா ஓரத்துல பதினாறு கொக்கியும் வெயில்ல மின்னும். பச்சைப் பெயின்ட்டுல ஆரோக்கிய மாதான்னு எழுதியிருந்தும், கரையில எல்லாரும் அதை ஜாக்கெட் வள்ளம்னு தான் கூப்பிட்டாங்க. என் அப்பா அதுக்கப்புறம் எந்தத் தந்திக்கும் தானா அர்த்தம் சொல்லலை. வாங்க வந்தவங்க கையில குடுத்து, நீங்களே படிச்சு எனக்குச் சொல்லுங்கம்பார்.

கதை கரை ஏறிடுச்சு, கயிறு கட்டியாச்சு, கண்ணை மூடு செவ்வந்தி.

என்ன? கப்பலா?

கப்பல் சொன்னபடி பங்குனி பதினாலு காலையில புறப்பட்டுப் போச்சு. அன்னிக்கு மத்தியானம் சேந்தன்கரையில எல்லார் வீட்டுலயும் ஜாக்கெட் வள்ளம் பிடிச்சுட்டு வந்த சாளை மீன் குழம்பு.